வாசலில் ஒரு வாளி: எபோலா காலத்து மன்ரோவியாவில் கடை திறப்பது எப்படி

2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில், ராண்டால் தெரு மளிகை மொத்தக் கடை ஒன்றில் நான் சரக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். எபோலா ஏறுமுகத்தில் இருந்தது, நெருக்கடி நிலை அறிவித்திருந்தார்கள். நான் டாக்டர் இல்லை. காலையில் கடை திறந்து, நூறு பேரைப் பார்த்து, ராத்திரி ஒழுங்காக வீடு திரும்பிய வழி மட்டும் தெரியும்.

முதலில் வாளி. மூடி போட்ட, அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளியை ஸ்டூல் மேல் வையுங்கள், கீழே கழிவுத் தண்ணீருக்கு ஒரு பேசின். கை கழுவ 0.05 சதவீதக் குளோரின் போதும். எச்.டி.எச். என்ற குளோரின் பவுடர் என்றால் 20 லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டி. தரை, கதவுப்பிடி துடைக்க அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 0.5 சதவீதம். இரண்டு வாளிக்கும் வேறு வேறு நிறம் வையுங்கள். நான் வைக்கவில்லை. முதல் வாரம் தரை துடைக்கிற தண்ணீரிலேயே எல்லாரும் கை கழுவினோம். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய், சோற்றில் கை வைத்தால் எரிந்தது. வெடித்த தோல்தான் கிருமிக்குத் திறந்த கதவு, ஆக நல்லது செய்யப்போய் வேலியை நாமே பிடுங்கிவிட்டோம்.

கலவையைத் தினமும் புதிதாகப் போட வேண்டும், நேற்றையதை நம்பக்கூடாது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும். மன்ரோவியாவின் ஆகஸ்ட் மழை மூடி சரியில்லாத வாளியை ஒரு மணி நேரத்தில் வெறும் தண்ணீராக்கிவிடும், அதனால் ஓரமாக, கூரைக்கு உள்ளே வையுங்கள். கை அழுக்காக இருந்தால் முதலில் சோப்பு, அலசிய பிறகு குளோரின். பொதுத் துண்டு தொங்கவிடாதீர்கள், கை தானாகக் காயட்டும்.

வாசலில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி வைத்திருந்தோம். மழையில் நனைந்து வருபவரின் நெற்றியில் உடனே பிடித்தால் 34 டிகிரி செல்சியஸ் என்று காட்டும். துடைக்கச் சொல்லி, கொஞ்சம் நிற்கவைத்து, அப்புறம் பிடியுங்கள்.

அடுத்தது கை. லைபீரியர்கள் கைகுலுக்கி முடிக்கும்போது இருவர் விரலும் சேர்ந்து ஒரு சொடுக்குப் போடும். அந்தச் சத்தம் இல்லாமல் அங்கே வியாபாரமே கிடையாது. அதை நிறுத்துவது குளோரின் கலப்பதைவிடக் கஷ்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் அவமானப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாமே முந்திக்கொண்டு நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட வேண்டும். முழங்கை இடிப்பதும் வழக்கமானது, ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. முழங்கைக்குள்தானே தும்முகிறோம்!

பணத்தைத் தட்டில் போடச் சொன்னோம். கல்லாவில் கையுறை வேண்டாம். காலையில் போட்ட கையுறையோடு சாயங்காலம் மூக்கைச் சொறிகிறவர்களை நிறையப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20 முதல் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரை ஊரடங்கு. டாக்ஸிக்கு அடிதடி நடக்கும், நாலு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுங்கள். டாக்ஸியில் முழுக்கை சட்டை, ஜன்னலோர இடம். முடிந்தால் நடந்துவிடுவது நல்லது. சாப்பாட்டில் பெரிய மாற்றமில்லை: அரிசி முன்கூட்டியே வாங்குங்கள், காட்டு மாமிசம் வேண்டாம்.

இனி காய்ச்சல். உண்மையான பயம் இதுதான். மலேரியாவும் எபோலாவும் முதல் நாளில் ஒரே மாதிரி இருக்கும். செப்டம்பரில் எனக்கு ஒரு ராத்திரி 38.6. காலையில் ஒரு கிளினிக்குக்குப் போனால் கேட்டையே திறக்கவில்லை. திரும்பிவந்து தனி அறை, தனித் தட்டு, தனிக் கழிப்பறை என்று ஒதுங்கினேன். முன்பே வாங்கிவைத்த மலேரியா மாத்திரையை மூன்று நாள் போட்டேன். இறங்கிவிட்டது. அந்த மாத்திரையும் கொசுவலையும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். வாந்தி, பேதி சேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், அப்போதைய எபோலா உதவி எண் 4455-க்கு அடியுங்கள். தினமும் யாரோடு உட்கார்ந்தோம் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். கிருமி தொற்றி நோய் தெரிய 21 நாள் வரை ஆகலாம், அவ்வளவு நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டிவந்தால் ஞாபகம் உதவாது. நோட்டு உதவும்.

கடைசியாக, சாவு. தெரிந்தவர் வீட்டில் யாராவது போய்விட்டால் உடலைத் தொடாதீர்கள், குளிப்பாட்டக் கூடாது. இறந்த உடலில்தான் கிருமி மிக அதிகம். 4455-க்குச் சொன்னால் அடக்கக் குழு வரும். அந்த ஆகஸ்டில் மன்ரோவியாவில் எல்லா உடலையும் எரிக்க உத்தரவானது. இடம், ஊருக்கு வெளியே பாய்ஸ் டவுனில் இந்தியர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த சுடுகாடு. எரிப்பது நமக்குப் பழக்கம். அவர்களுக்கோ, வருஷா வருஷம் மார்ச்சில் கல்லறையைக் கழுவி வெள்ளையடிக்கும் அலங்கரிப்பு நாள் இருக்கிறது. சுடுகாட்டைப் பற்றி அவர்களிடம் சாதாரணமாகப் பேசிவிடாதீர்கள்.

2015 மார்ச்சில் அந்த நாள் வந்தது. எங்கள் சுமைக்காரர் ஒருவர், முந்தைய செப்டம்பரில் அம்மாவைப் பறிகொடுத்தவர், வழக்கம்போல் எட்டு மணிக்கு வேலைக்கு வந்து நின்றார். "உனக்கு இன்றைக்கு லீவு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்காதீர்கள்.