இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியா: பேசும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீலாது மேடைகளிலும், பள்ளிக் கட்டுரைகளிலும், இணையக் காணொளிகளிலும் இஸ்லாத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. எங்கும் மணல், கூடாரம், குடி, கொள்ளை, சிலை. அதன் நடுவே திடீரென ஒரு நபி. சொல்பவர்களின் நோக்கம் நல்லதுதான். முந்தைய காலத்தை எவ்வளவு இருட்டாகக் காட்டுகிறோமோ, அவ்வளவுக்குப் பின்வந்த மாற்றம் பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஆனால் 6ஆம் நூற்றாண்டு அரேபியா அப்படி இருக்கவில்லை. குர்ஆன் யாரைப் பார்த்துப் பேசியதோ அந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஒதுக்கிவிட்டால், அது அவர்களோடு நடத்திய வாதத்தில் பாதி நமக்கு விளங்காமலே போய்விடும்.

வெறும் பாலைவனம் என்று தொடங்குவது

அரேபியத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் ஏமன் இருக்கிறது. மலைகளில் மழை பெய்யும், சரிவுகளில் அடுக்கடுக்காக வயல்கள் இருக்கும். சபா, ஹிம்யர் போன்ற அரசுகள் அங்கே கோட்டை கட்டி, கல்வெட்டு வெட்டி ஆண்டன. சபாவின் மஆரிப் அணை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பாசனம் தந்தது. 548இல் அதைப் பழுதுபார்த்த மன்னர் அப்ரஹா, அந்த வேலையை நீண்ட கல்வெட்டாகப் பதித்துவைத்தார். ரோமப் பேரரசிலிருந்தும் (பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோம்) பாரசீகத்திலிருந்தும் தம்மிடம் தூதர்கள் வந்ததையும் அதில் சொல்கிறார். சபாவை அழித்த வெள்ளத்தைக் குர்ஆன் பேசும்போது, கேட்டவர்களுக்கு அது தெரிந்த கதை.

வடமேற்கில் நபதேயர்கள் பெட்ராவையும் ஹிஜ்ரையும் பாறையில் குடைந்தார்கள். வடக்கு எல்லையில் கஸ்ஸானியர் ரோமுக்குத் துணை நின்றார்கள். ஹீரா நகரத்து லக்மியர் பாரசீகத்துக்குத் துணை நின்றார்கள். 602 முதல் 628 வரை இந்த இரு பேரரசுகளும் ஒன்றையொன்று உருக்குலைத்த போரில், 614இல் ஜெருசலேம் பாரசீகர் கைக்குப் போனது. ரோமர்கள் தோற்றதைச் சொல்லித்தான் குர்ஆனின் 30ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. உலகச் செய்தி எட்டாத ஊரில் அப்படி ஒரு வசனத்துக்குப் பொருளே இருந்திருக்காது.

இதற்கு நேர்மாறான ஒரு பிழை நம் தமிழ்ப் பக்கத்தில் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் அரபு நாட்டை மழையும் ஆறும் நெல்வயலும் உள்ள மருத நிலமாகப் பாடுகிறது. அது தமிழ்க் காப்பிய மரபு. அதன் அழகும் அங்கேதான் இருக்கிறது. மக்காவின் நில அமைப்புக்கு அதிலிருந்து மேற்கோள் காட்டக் கூடாது. "பயிர் விளையாத பள்ளத்தாக்கு" என்றுதான் குர்ஆன் (14:37, அதாவது 14ஆவது அத்தியாயம், 37ஆவது வசனம்) மக்காவைக் குறிப்பிடுகிறது.

ஒரே இறைவனைக் கேள்விப்படாதவர்கள் என்பது

தவறுகளிலேயே பெரியது இதுதான். 380ஐ ஒட்டி ஹிம்யர் அரசர்கள் பழைய தெய்வங்களைக் கைவிட்டு யூத மார்க்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அதற்குப் பிந்தைய கல்வெட்டுகள் 'ரஹ்மானான்' என்ற ஒரே இறைவனை அழைக்கின்றன. 'ரஹ்மான்' என்ற பெயர் குர்ஆனைப் படிப்பவர் எவருக்கும் பழக்கமானது. 523இல் ஹிம்யர் மன்னர் யூசுஃப் நஜ்ரானின் கிறிஸ்தவர்களைக் கொன்றார். அதற்குப் பதிலடியாக 525 வாக்கில் எத்தியோப்பியாவின் அக்சூம் மன்னர் காலேப் கடல் கடந்து படையெடுத்தார். பின்னர் ஏமனை ஆண்ட அப்ரஹா கிறிஸ்தவர். அவருடைய அணைக் கல்வெட்டே ரஹ்மானானையும், அவனுடைய மஸீஹையும் (மெசியா), பரிசுத்த ஆவியையும் போற்றித்தான் தொடங்குகிறது. நஜ்ரானுக்கு வடக்கே ஹிமா பகுதியில் 470ஐ ஒட்டிய காலத்து அரபு எழுத்துக் கல்வெட்டுகளில் சிலுவைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யஸ்ரிபில், அதாவது பிற்கால மதீனாவில், கைனுகா, நளீர், குறைளா என்ற யூதக் குலத்தார் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தாரோடு அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள்.

மக்காவிலும் இதன் தடயங்கள் உண்டு. நபிகள் நாயகத்தின் மனைவி கதீஜா அம்மையாரின் உறவினர் வரகா இப்னு நவ்ஃபல் கிறிஸ்தவர் என்று மரபு சொல்கிறது. சிலைகளை ஒதுக்கி இப்ராஹீமின் (ஆபிரகாம்) வழியைத் தேடிய ஸைத் இப்னு அம்ர் போன்றவர்களை 'ஹனீஃப்கள்' என்று அது நினைவுகூர்கிறது. மக்காவின் புனித ஆலயமான கஅபாவின் உள்ளே மர்யமின் (மரியாள்) உருவமும் ஈசாவின் (இயேசு) உருவமும் வரையப்பட்டிருந்ததாக 9ஆம் நூற்றாண்டின் மக்கா வரலாற்றாசிரியர் அஸ்ரகீ எழுதுகிறார். நபிகள் நாயகத்தின் தந்தை பெயரே அப்துல்லாஹ், அல்லாஹ்வின் அடிமை. இஸ்லாம் வருவதற்கு முன் வைத்த பெயர் அது.

அப்படியானால் மக்காவில் வாழ்ந்த குறைஷிக் குலத்தாரோடு வாதம் எதைப் பற்றி? குர்ஆனே விடை சொல்கிறது. வானங்களையும் பூமியையும் படைத்தது யார் என்று கேட்டால் "அல்லாஹ்" என்பார்கள் (29:61). கப்பலில் ஏறிச் சிக்கிக்கொண்டால் அவனை மட்டுமே அழைப்பார்கள். கரை சேர்ந்ததும் அவனுக்குப் பிறரை இணை வைப்பார்கள் (29:65). இறைவனிடம் எங்களை நெருங்க வைக்கத்தான் இவர்களை வணங்குகிறோம் என்பதே அவர்கள் சொன்ன நியாயம் (39:3). தாயிஃபில் லாத், நக்லாவில் உஸ்ஸா, குதைதில் மனாத் என்று பரிந்துரைக்கும் தெய்வங்களுக்குத் தனித்தனித் தலங்கள் இருந்தன. ஆக, படைத்தவன் இருக்கிறானா என்பதில் அங்கே சண்டை இல்லை. அவனுக்கும் மனிதனுக்கும் இடையே யாரும் நிற்க வேண்டுமா, இறந்தபின் கணக்குக் கேட்கப்படுமா என்பவைதான் வழக்கு. இதை விட்டுவிட்டு "கல்லைக் கடவுள் என்று நம்பிய மூடர்கள்" என்று முடித்துவிடுகிறவர்கள், நபி எதிர்கொண்ட எதிர்ப்பின் கனத்தையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்கள்.

இந்தச் செய்திகளைப் படித்ததும் சிலர் மறுகோடிக்குப் போய், "அப்படியென்றால் எல்லாம் யூதர்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் கேட்டு எழுதியது" என்பார்கள். அதுவும் அவசரம். மூஸா (மோசே), யூசுஃப் (யோசேப்பு), மர்யம் ஆகியோரின் கதைகளைக் கேட்பவர்கள் அறிந்திருக்கிறார்கள் என்ற நிலையில்தான் குர்ஆன் பேசுகிறது. ஆனால் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு கதையையும் தன் வாதத்துக்கு ஏற்பத் திருப்புகிறது; யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் மறுத்தும் பேசுகிறது. இறைவாக்கு என்று நம்புகிறவரும் வரலாற்று நூலாக அணுகுகிறவரும் இந்த ஓர் இடத்தில் ஒத்துப்போகலாம்: அது ஓர் உரையாடலுக்குள் எழுந்த குரல்.

பெண்களைப் பற்றி ஒரே வரியில் முடிப்பது

"அக்காலத்தில் பெண் குழந்தைகளை எல்லாம் உயிரோடு புதைத்தார்கள்." இந்த வாக்கியத்தில் இடறுவது 'எல்லாம்' என்ற சொல். எல்லோரும் புதைத்திருந்தால் அடுத்த தலைமுறையே இருந்திருக்காது. கொடுமை நடந்தது உண்மை. புதைக்கப்பட்ட சிறுமியிடம் எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் நாளைக் குர்ஆன் (81:8-9) சொல்லும்போது நெஞ்சு பதறுகிறது. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் (17:31) என்று காரணத்தையும் அது தொடுகிறது. ஆனால் அதே சமூகத்தில் இதை வெறுத்தவர்களும் இருந்தார்கள். தமீம் குலத்து ஸஃஸஆ என்பவர் ஒட்டகங்களைக் கொடுத்துப் பெண் குழந்தைகளை மீட்டார் என்று அரபு மரபு பெருமையோடு சொல்கிறது; கவிஞர் ஃபரஸ்தக் அவருடைய பேரன்.

சொத்துரிமையிலும் இதே கவனம் வேண்டும். கதீஜா அம்மையார் சொந்த முதலில் வணிகம் நடத்தி, ஆள் வைத்து வேலை வாங்கி, திருமணப் பேச்சையும் தாமே தொடங்கியவர். அதெல்லாம் இஸ்லாத்துக்கு முன். கவிஞர் கன்ஸா தம் சகோதரர்களுக்குப் பாடிய இரங்கற்பாக்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. 4ஆம் நூற்றாண்டில் மாவியா என்ற அரபு அரசி ரோமப் படையையே எதிர்த்து நின்றார். அதற்காகப் பெண்கள் செழிப்பாக வாழ்ந்தார்கள் என்று மாற்றி எழுதிவிடவும் கூடாது. கணவன் இறந்தால் மனைவியையே சொத்துப்போல் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தடுக்க ஒரு வசனம் (4:19) வேண்டியிருந்தது. குலத்துக்குக் குலம், செல்வத்துக்குச் செல்வம் நிலைமை மாறியது என்று எழுதுவதே சரி.

மக்காவைச் சாம்பிராணிச் சந்தையாக்குவது

பாடநூல்களில் பழகிப்போன வரி: கிழக்கின் வாசனைப் பொருள்கள் எல்லாம் மக்கா வழியே போயின. 6ஆம் நூற்றாண்டில் அந்தச் சரக்கில் பெரும்பகுதி செங்கடல் கப்பல்களில் போய்க்கொண்டிருந்தது. குறைஷிகள் வணிகர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களுடைய குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குர்ஆனே (106ஆவது அத்தியாயம்) சொல்கிறது. தோல், துணி, கால்நடை என்று அருகிலுள்ள ஊர்களின் தேவைக்கான வணிகமே அதில் அதிகம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். போர் விலக்கப்பட்ட நான்கு மாதங்களும், கஅபா யாத்திரையும், உக்காள் சந்தையும்தான் அந்த ஊரைத் தாங்கின.

எல்லாச் சான்றுக்கும் ஒரே எடை

நபிகள் நாயகம் மறைந்தது 632இல். முதல் பெரிய வாழ்க்கை வரலாற்றைத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் இறந்தது 767 வாக்கில். அதுவும் பெரும்பாலும் இப்னு ஹிஷாம் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தித் தந்த வடிவத்தில்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. ஆகவே குர்ஆன் வசனத்தையும், இப்னு ஹிஷாமின் ஒரு செய்தியையும், 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டையும் ஒரே மூச்சில் "வரலாறு சொல்கிறது" என்று அடுக்காதீர்கள். எது எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குச் சொல்லுங்கள். பின்னால் எழுதியது என்பதால் எல்லாமே கட்டுக்கதை என்பதும் நிற்காது: 640 வாக்கில் எழுதப்பட்ட ஒரு சிரியக் கிறிஸ்தவக் குறிப்பு, 634இல் காஸா அருகே ரோமரோடு மோதியவர்களை முஹம்மதின் அரபியர் என்றே குறிக்கிறது.

2015இல் பேசப்பட்ட, பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள பழைய குர்ஆன் ஏடுகளுக்கும் இதே எச்சரிக்கை. கதிரியக்கக் கரிமச் சோதனை தந்த 568–645 என்ற கால அளவு, எழுதப் பயன்பட்ட விலங்குத் தோலுக்கு உரியது. அதன்மேல் மை பட்ட நாளுக்கு உரியதல்ல.

ஆண்டுக் கணக்கிலும் தடுமாற்றம் நிறைய. அப்ரஹா யானைப் படையோடு மக்காவுக்கு வந்த ஆண்டு 570, நபி பிறந்ததும் அதே ஆண்டு என்று மரபு சொல்கிறது. நடு அரேபியப் படையெடுப்பைப் பற்றிய அப்ரஹாவின் சொந்தக் கல்வெட்டோ 552ஐச் சேர்ந்தது. இரண்டும் ஒரே நிகழ்வா என்பதில் இன்றும் விவாதம் நடக்கிறது. எனவே 570ஐ 'மரபுப்படி' என்ற சொல்லோடு எழுதுங்கள். இஸ்லாமிய நாள்காட்டியான ஹிஜ்ரி ஆண்டை நபி தொடங்கவில்லை. கலீஃபா உமர் காலத்தில், 638 வாக்கில்தான் அது ஏற்பாடானது. நபி மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த (ஹிஜ்ரத்) ஆண்டின் முஹர்ரம் முதல் நாளிலிருந்து கணக்கை வைத்ததால் தொடக்கம் 622 ஜூலையில் விழுகிறது. நபி மதீனா வந்து சேர்ந்ததோ ரபீஉல் அவ்வல் மாதத்தில், அதாவது செப்டம்பரில். முஹர்ரம் முதல் நாளை ஹிஜ்ரத் நடந்த நாள் என்று வாழ்த்துச் செய்தி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு மாத இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.