அலுமினிய பிராக்கெட் ஓட்டைய வீட்டு சிஎன்சில பெருசாக்குறது

மலேசியா சுங்கை சிப்புட்ல நம்ம தோட்டத்து அண்ணன் ஒருத்தரு புல்லு வெட்டுற மெஷின் பிராக்கெட்ட கொண்டாந்து 8 மில்லி ஓட்டைய 10 ஆக்கிக் குடு தம்பினாரு. ஹேண்ட் ட்ரில் போட்டா கவ்வி இழுத்துரும், சிஎன்சில (கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டு மெஷின்) சுத்தி வெட்டிரலாம் லா.

இதுல பாதி வேலை ஓட்டையோட சென்டர கண்டுபிடிக்கிறதுதான். 3 மில்லி ட்ரில் பிட்ட வழவழப்பான பக்கம் கீழ வர மாதிரி தலைகீழா மாட்டுங்க, ஸ்பிண்டில் (பிட்ட சுத்துற மோட்டார்) ஆஃப்ல இருக்கணும், மல்டிமீட்டர பீப் மோட்ல வச்சு ஒரு வயர் பிட்லயும் இன்னொண்ணு பிராக்கெட்லயும் கவ்வ விட்டு மெதுவா இடது பக்கம் நகத்துங்க, பீப் வந்ததும் எக்ஸ் நம்பர எழுதிக்கோங்க, அப்புறம் வலது பக்கம், ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா சென்டர். எனக்கு 12.40, 17.40 வந்துச்சு, அப்போ 14.90. வித்தியாசம் 5 (8 மில்லி ஓட்டைல 3 மில்லி பிட் போக மிச்சம்) வரலன்னா ஓட்டை தேஞ்சிருக்கு இல்ல நீங்க நடுவுல தொடல. வொய்க்கும் இதேதான்.

அப்புறம் வெட்டுறதுக்கு 3 மில்லி சிங்கிள் ஃப்ளூட் (ஒரே வெட்டு முனை) கார்பைட் பிட், 12000 ஆர்பிஎம், ஃபீட் (நகர்ற வேகம்) நிமிஷத்துக்கு 300 மில்லி, ஒரு தடவைக்கு 0.2 மில்லி ஆழம். பிட்டு ஓட்டையோட சென்டர்லேர்ந்து 3.5 மில்லி தள்ளி சுத்தணும் (10ல பாதி 5, அதுல பிட்ல பாதி 1.5 போக மிச்சம்), 5 போட்டீங்கன்னா ஓட்டை 13 ஆயிரும், பிராக்கெட் காலி. வீட்டு மெஷின்ல மேசைய நகத்துற ஸ்க்ரூல லூசு இருக்கும், அதனால ப்ரோக்ராம்ல ஜி2 கட்டளை போட்டு கடிகார பக்கமா சுத்த விடுங்க, ஜி3 (எதிர்ப்பக்கம்) போட்டா பிட்டு மேசைய இழுக்கும். ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டா அலுமினியம் பிட்ல ஒட்டாது. கண்ணாடி போடாம கிட்ட போகாதீங்க.

மொதல்ல 9.8க்கு வெட்டி காலிப்பர்ல பாருங்க, அப்புறம் மிச்சத்த எடுங்க.