சாரல் காலத்தில் பழைய மடிப்புக் கேமரா: எடுத்துச் செல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியில் படம் எடுக்க வருவோரில் சிலர், ஜைஸ் ஐகான் நெட்டார், அக்ஃபா ஐசோலெட், ஃபோக்ட்லாண்டர் பெர்க்கியோ, கோடக் ரெட்டினா, சோவியத் நாட்டு மாஸ்க்வா போன்ற பழைய மடிப்புக் கேமராக்களோடு வருவதைக் காண முடிகிறது. முன்கதவைத் திறந்தால் லென்ஸ் முன்னே வந்து நிற்கும், மூடினால் லென்ஸுக்கும் உடலுக்கும் இடையே துருத்திபோல் இருக்கும் பெல்லோஸ் மடிந்து எல்லாம் உள்ளே அடங்கும் என்னும் இந்த அமைப்பே, எளிதாக எடுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. ஆனாலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நாம் நடக்கும்போதும் வண்டியில் போகும்போதும்தான் இவற்றுக்குப் பெரும்பாலான சேதம் நேர்கிறது.

முதலில் சொல்ல வேண்டியது, கேமராவைத் திறந்த நிலையிலேயே கழுத்தில் தொங்கவிட்டு நடக்கும் பழக்கம். அடிக்கடி மூடித் திறந்தால் பெல்லோஸ் தேய்ந்துவிடும் என்று அஞ்சி இப்படிச் செய்கிறார்கள். மடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் மடிப்பதால் கெடுவதைவிட, காய்ந்து விறைத்துப்போய்க் கெடுவதே மிகுதி. திறந்திருக்கும்போது லென்ஸைத் தாங்கி நிற்பவை மெல்லிய தாங்கு கம்பிகள் மட்டுமே. மரக்கிளையோ பேருந்தின் கைப்பிடியோ ஒருமுறை இடித்தால் போதும், லென்ஸ் ஃபிலிமுக்கு நேர் இணையாக நிற்பது குலைந்து, படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். கணவாய் வழியே வரும் காற்று பெல்லோஸை நேரடியாகத் தள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. மூடிவிட்டாலோ முன்கதவே லென்ஸுக்கு மூடியாகிவிடுகிறது.

மூடி வைப்பது என்று முடிவு செய்தவுடன் பலர் நாடுவது, கேமராவோடு வந்த பழைய தோல் உறையை. இந்தக் கேமராக்களில் பலவற்றின் உடலில் வார் மாட்டும் வளையம் கிடையாது. வார் உறையில்தான் இருக்கும். ஆகவே கேமராவின் முழு எடையும் அறுபது, எழுபது ஆண்டுப் பழைய தையலை நம்பித் தொங்குகிறது. வெளித்தோல் பளபளப்பாக இருந்தாலும், வார் உறையோடு சேரும் இடத்தில் நூல் இற்றுப்போயிருக்கும். கிளம்புவதற்கு முன் வாரை இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். தையல் சற்று விலகினாலும் அந்த உறையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நல்லது. கேமராவை உறையின் அடியோடு பிணைத்திருக்கும் திருகாணியும் நடக்க நடக்கத் தளரும் என்பதால், அதை அவ்வப்போது விரலால் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

உறையைக் கைவிட்டவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, கேமராவின் அடியில் டிரைபாட் (முக்காலி) மாட்டுவதற்கென உள்ள துளையில் ஒரு கொக்கியைத் திருகி, அதில் வாரைக் கட்டித் தொங்கவிடுவது. அந்தத் துளை, அசையாமல் நிற்கும் டிரைபாட்டின் மேல் கேமராவை இருத்துவதற்கு உரியது. நடக்கும்போது ஏற்படும் இடைவிடாத ஆட்டத்தை அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. பழைய ஐரோப்பியக் கேமராக்கள் சிலவற்றில் துளை 3/8 அங்குல அளவில் இருக்கும். அதற்குள் 1/4 அங்குலத்துக்குக் குறைக்கும் வளையம் ஒன்று திருகப்பட்டிருக்கும். கொக்கி நன்றாக இறுகியிருக்கும்போதே, அந்த வளையம் தனியாகக் கழன்று, கொக்கியோடு சேர்ந்து கையில் வந்துவிடுவது உண்டு. அத்துளையில் மணிக்கட்டு வாரை மாட்டி, கேமராவைக் கையில் பிடித்திருக்கும்போது பாதுகாப்புக்காக மட்டும் பயன்படுத்தலாம். எடையைச் சுமப்பதற்கு ஒரு சிறு தோள்பையே போதும். குறுக்காகப் போட்ட பை இடுப்புக்குச் சற்று மேலே, உடலை ஒட்டி நிற்க வேண்டும். அதில் கேமராவை வைக்கும்போது முன்கதவு உடலின் பக்கம் இருக்கட்டும். கதவைத் திறக்கும் பொத்தான் வெளிப்பக்கம் இருந்தால், கூட்டத்தில் யாருடைய முழங்கையாவது பட்டு, பைக்குள்ளேயே கேமரா திறந்துகொள்ளும்.

சட்டைப் பையும் கால்சட்டைப் பையும் ஏற்ற இடங்கள் அல்ல. அரைக் கிலோவை ஒட்டிய எடையுள்ள உலோகப் பொருள், ஓடையில் கை நனைக்கக் குனிந்த உடனே சட்டைப் பையிலிருந்து நழுவும். கால்சட்டைப் பையில் இருந்தால் உட்காரும்போது முன்கதவு நெளியும், பஞ்சுத் தூசியும் உள்ளே சேரும். வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வோரும் உண்டு. அவர்களுடைய துணிச்சலைப் பாராட்டலாம், பின்பற்றத் தேவையில்லை.

இருசக்கர வண்டியின் டிக்கியில் வைத்துச் செல்வதன் தீமை உடனே தெரியாது. எஞ்சினின் அதிர்வு, ஷட்டரையும் லென்ஸையும் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. ஜைஸ் ஐகானின் சூப்பர் ஐகான்டாவிலும், அதன் அமைப்பைப் பின்பற்றிய மாஸ்க்வாவிலும், தொலைவு அளக்கும் கருவி இதனால் பிசகக்கூடும். படங்களைக் கழுவிப் பார்த்த பிறகே அது புலப்படும். உடலோடு இருக்கும் பையில் இந்த அதிர்வின் பெரும்பகுதியை நம் உடலே வாங்கிக்கொள்ளும். பேருந்திலும் புனலூர் ரயிலிலும் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வது நலம்.

எனினும், இந்த வட்டாரத்தில் கேமராவுக்கு முதல் எதிரி ஈரம்தான். குற்றாலத்துச் சாரல் மழையாகத் தோன்றாது. குடை பிடிக்கவும் தோன்றாது. அரை மணி நேரத்தில் சட்டை ஈரமானபின்தான் பையும் ஈரமாகியிருப்பது தெரியும். இதற்கு அஞ்சிக் கேமராவைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, மாலை வரை அப்படியே வைத்திருப்பது தவறு. உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றி லென்ஸின் மேல் படியும். நாள்பட அங்கே பூஞ்சை வேர் பரப்பத் தொடங்கும். கேமராவை உலர்ந்த ஈரிழைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, சாரல் வலுக்கும்போது மட்டும் பைக்கு மேலே மழையுறையைப் போடுவது சிறந்த வழி. துண்டு ஈரத்தை உறிஞ்சும், இடியையும் தாங்கும், லென்ஸைச் சுற்றியுள்ள உலோகப் பகுதியில் படும் துளிகளை ஒற்றியெடுக்கவும் உதவும். பெல்லோஸ் நனைந்துவிட்டால் அதைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஒதுக்குப்புறத்தில் சில நிமிடம் திறந்து உலரவிட்டுப் பிறகே மூட வேண்டும். ஈரத்தோடு மடித்த பெல்லோஸின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்தமுறை திறக்கும்போது மூலைகள் கிழியும். ஐசோலெட் வைத்திருப்போர் இதில் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அதன் பெல்லோஸ் மூலைகளில் ஊசித்துளை விழுவது பரவலாக அறியப்பட்ட குறை. குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே வந்ததும் கேமராவைத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படியும் என்பதால், அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். வீடு சேர்ந்தபின் கேமராவைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதைவிட, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வைப்பதே முறை. அதற்கும் முன், கேமரா நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

பையிலிருந்து எடுத்தவுடன் பொத்தானை அழுத்திக் கதவைத் தானாகத் தெறிக்க விடுவது பார்வைக்கு அழகு. ஆனால் பெல்லோஸ் திடீரென விரியும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல், ஃபிலிமை முன்பக்கமாக இழுத்து வளைத்துவிடும். கதவை விரலால் தடுத்து மெதுவாகத் திறந்து, அதன் பிறகே அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றினால் அது மீண்டும் விறைத்து நிற்கும். மூடுவதற்கு முன், செருகு வகை மஞ்சள் ஃபில்டரையும், லென்ஸில் வெயில் படாமல் தடுக்கும் நிழல்மறைப்பையும் கழற்ற வேண்டும். ரெட்டினாவில் குவியத்தை முடிவிலிக்குத் திருப்பவும் வேண்டும். கதவு மூட மறுத்தால் ஏதோ ஒன்று மறந்துபோயிற்று என்று பொருள், அழுத்திப் பார்ப்பது தீர்வாகாது.

ஃபிலிமின் எண்ணைப் பார்ப்பதற்கான பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தைத் திறந்தபடி நடப்பதும் தவறே. சிவப்பொளியை உணராத பழைய ஃபிலிமுக்கு ஏற்பட்ட ஏற்பாடு அது. இன்றைய பான்க்ரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பையும் உணரும். சாளரத்துக்கு மூடி இல்லாத கேமராவில் கறுப்பு நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி, எண்ணைப் பார்க்கும்போது மட்டும் விலக்கலாம். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் ஒதுங்க மரநிழல்கூடக் கிடைக்காமல் போகலாம். அங்கே ரோல் மாற்ற நேர்ந்தால், வெயிலுக்கு முதுகைக் காட்டி நம் உடலின் நிழலிலேயே மாற்றி, முடிந்த ரோலின் ஒட்டுத்தாளை இறுக்கி ஒட்டி, உடனே பையின் அடியில் வைத்துவிட வேண்டும்.