கட்டம் போட்ட நோட்டில் ஒரு டிராபிக் ஜாம்: எமர்ஜென்ஸ் பழக எளிய செய்முறை

சாயங்கால நேரத்தில் மதுரையில் காளவாசலிலிருந்து பழங்காநத்தம் பக்கம் பைபாஸ் ரோட்டில் போகிறீர்கள். வண்டிகள் நிற்கின்றன, பிறகு மெல்ல நகர்கின்றன. முன்னால் போய்ப் பார்த்தால் விபத்தும் இல்லை, பள்ளமும் இல்லை. இப்படிக் காரணமே தெரியாத நெரிசலை நாமே நோட்டில் உருவாக்கிப் பார்க்கலாம். தனித்தனி வண்டியில் இல்லாத ஒரு குணம் வண்டிகள் கூடும்போது தானாக முளைக்கிறது. எமர்ஜென்ஸ் என்பது இதுதான். கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் மனதில் நன்றாகப் பதியும்.

நாம் பயன்படுத்தப்போவது, நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1992-இல் வெளியிட்ட டிராபிக் மாடல். அவர்கள் கணினியில் ஓட்டினார்கள். நமக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ஒரு தாயக்கட்டை போதும்.

முதல் படி: சாலை

ஒரு வரிசையில் 20 கட்டங்களுக்கு எண் போடுங்கள். இதுதான் சாலை. 20-ஆம் கட்டத்தைத் தாண்டும் வண்டி மறுபடி 1-ஆம் கட்டத்துக்கு வரும். நான்கு மாசி வீதிகளையும் ஒரே வளையமாக, சிக்னலும் குறுக்குத் தெருவும் இல்லாமல் நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஒரு வரி ஒரு நொடி. வண்டி இருக்கும் கட்டத்தில் அதன் வேகத்தை (0, 1 அல்லது 2) எழுதுங்கள். காலிக் கட்டத்தில் புள்ளி.

இரண்டாம் படி: விதிகள்

ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு வண்டிக்கும் இதே வரிசையில் செய்ய வேண்டும். முதலில் வேகத்தில் ஒன்று கூட்டுங்கள், 2-க்கு மேல் போகக்கூடாது. அடுத்து, முன்னால் எத்தனை கட்டம் காலியோ அதைவிட வேகம் அதிகமாக இருந்தால் அந்த அளவுக்குக் குறையுங்கள். அப்புறம் தாயக்கட்டை: ஒன்றை மட்டும் உருட்டுங்கள், எழுதாத முகம் விழுந்தால் வேகத்தில் ஒன்று குறையும் (ஏற்கெனவே 0 என்றால் அப்படியே இருக்கும்). கடைசியாக, மிஞ்சிய வேகம் எத்தனையோ அத்தனை கட்டம் முன்னே.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. அதனால் காலி இடத்தை எப்போதும் மேல்வரியைப் பார்த்தே எண்ண வேண்டும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் வரியைப் பார்த்து எண்ணினால் நெரிசலே வராமல் போய்விடலாம்.

மூன்றாம் படி: ஒரே ஒரு தயக்கம்

தாயக்கட்டையை ஓரமாக வையுங்கள். இரட்டைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும் வண்டி, ஆக 10 வண்டிகள், எல்லாம் வேகம் 1. விதிப்படி ஓட்டினால் இவை காலம் முழுக்க அழகாக நகரும். இப்போது 10-ஆம் கட்டத்து வண்டியை மட்டும் முதல் நொடியில் நிறுத்துங்கள். ஓட்டுநர் ஃபோனைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு யாரையும் தொட வேண்டாம், விதிகள் மட்டும். 5 முதல் 14 வரையுள்ள கட்டங்கள் இப்படி வரும்:

. 1 . 1 . 1 . 1 . 1
1 . 1 . 1 0 . . 1 .
. 1 . 1 0 . 1 . . 1
1 . 1 0 . 1 . . 2 .
. 1 0 . 1 . . 2 . 1

பூஜ்யத்தை மட்டும் பென்சிலால் இணையுங்கள். 10, 9, 8, 7 என்று பின்னோக்கிச் சரியும் ஒரு கோடு. எந்த வண்டியும் பின்னால் போகவில்லை, எல்லாம் முன்னால்தான் போகின்றன. நெரிசல் மட்டும் நொடிக்கு ஒரு கட்டம் பின்னே நடக்கிறது. முதலில் நின்றவர் மூன்றாவது நொடியிலேயே முழு வேகத்தில் போய்விட்டார், அவருடைய தயக்கம் யார் யாரையோ நிறுத்திக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து போடுங்கள். 11-ஆவது நொடியில் அது வளையத்தைச் சுற்றி வந்து அவரையே மறுபடி நிறுத்தும்.

என்னைப் பொறுத்தவரை இந்தச் செய்முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அந்தச் சாய்கோடு எந்த வண்டிக்கும் சொந்தமில்லை. அதில் நிற்கும் வண்டி நொடிக்கு நொடி மாறுகிறது, கோடு மாறவில்லை. விதிகளில் எங்கேயும் ‘நெரிசல்’ என்ற சொல்லே கிடையாது.

நிஜச் சாலையிலும் இது நடக்கும். 2008-இல் ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். தடை எதுவும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெரிசல் தானாக உருவாகி, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது.

நான்காம் படி: வண்டியைக் குறையுங்கள்

இப்போது 4, 8, 12, 16, 20-இல் மட்டும் வண்டி, வேகம் 2. 12-இல் உள்ளதை ஒரு நொடி நிறுத்துங்கள். பின்னால் வரும் இரண்டு வண்டிகள் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் ஒன்றுகூட நிற்காது. ஐந்தாவது நொடியில் எல்லோரும் மறுபடி வேகம் 2. அதே விதி, அதே தயக்கம், ஆனால் இங்கே கரைந்துவிட்டது.

எல்லை எங்கே? முழு வேகத்தில் போக ஒரு வண்டிக்கு முன்னால் 2 கட்டம் காலியாக வேண்டும். 6 வண்டி என்றால் மீதி 14 கட்டம், தேவை 12, போதும். 7 வண்டி என்றால் மீதி 13, தேவை 14. ஒரு வண்டி கூடியதும் சாலையின் நடத்தையே வேறாகிறது. தண்ணீர் உறையும்போதும் காந்தம் சூட்டில் தன் காந்தத்தன்மையை இழக்கும்போதும் இயற்பியலாளர்கள் பார்க்கும் நிலைமாற்றத்தின் சாயல் இதில் இருப்பதால்தான் அவர்கள் டிராபிக் பக்கம் வந்தார்கள்.

ஐந்தாம் படி: தாயக்கட்டையோடு

இப்போது நான்கு விதிகளையும் சேர்த்து, 7 வண்டிகளோடு ஒரு பக்கம் முழுக்கப் போடுங்கள். யாரையும் நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை, பூஜ்யக் கோடுகள் தாமே பிறந்து தாமே மறையும். பக்கத்தில் ஒருவர் உருட்ட, ஒருவர் எழுதினால் வேலை வேகமாக நடக்கும்.

அப்புறம் 20-ஆம் கட்டத்தைத் தாண்டும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். தாயக்கட்டை இல்லாமல் 20 நொடியில் 5 வண்டிகள் மொத்தம் 10 தடவை தாண்டும். 10 வண்டிகள், யாரும் தயங்காவிட்டாலும், அதே 10 தடவைதான். வண்டி இரண்டு மடங்கான பிறகும் சாலை கடத்தியது கூடவில்லை. இடையில் எத்தனை வண்டியில் அந்த எண்ணிக்கை உச்சம் தொடுகிறது, தாயக்கட்டை சேர்ந்தால் அந்த உச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அடுத்த பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.