நியூசிலாந்தின் வேட்டை விலங்குச் சட்டங்கள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்துக் குடியேற்ற அரசு 1861இல் சில விலங்குகளைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. தமிழில் சூழலியல் வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் கண்டதும், 'அந்தக் காலத்திலேயே காட்டுயிர் மீது எவ்வளவு அக்கறை!' என்று எழுதிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அந்தச் சட்டத்தின் பட்டியலை வரிவரியாகப் படித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மான், முயல், அன்னம், கௌதாரி, பாடும் பறவைகள் சில. ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வந்திறங்கியவை. அந்த மண்ணுக்குரிய நிலவாழ் பாலூட்டி வௌவால் மட்டும்தான். வந்த விலங்குகள் பெருகட்டும், பெருகியபின் சுடலாம் என்பதற்காகவே தடை.

ஆகவே முதல் தவறு, 'பாதுகாப்பு' என்ற சொல்லை இன்றைய பொருளில் படிப்பது. உரிமம் உள்ளவர், அனுமதித்த மாதங்களில், அனுமதித்த எண்ணிக்கையில் கொல்வதற்காகச் சேமித்து வைப்பதே அங்கே பாதுகாப்பு. இதை மனத்தில் நிறுத்தாவிட்டால் அடுத்து வரும் எழுபது ஆண்டுகள் குழப்பமாகவே இருக்கும்.

இரண்டாவது, இந்தச் சட்டங்களில் வரும் 'மாவட்டம்' என்பதை ஆட்சியர் நிர்வகிக்கும் மாவட்டமாகவோ சரணாலயமாகவோ எண்ணிக்கொள்வது. இங்கே பேசப்படுவது அக்ளைமடைசேஷன் சங்கங்களின் எல்லைகள். அயல்நாட்டு உயிர்களைக் கொண்டுவந்து அந்த நாட்டுக்குப் பழக்குவதற்காக, 1860களில் ஆக்லாந்து, நெல்சன், ஒடாகோ, கான்டர்பரி எனப் பல இடங்களில் தோன்றிய தன்னார்வச் சங்கங்கள் அவை. வேட்டைப் பருவத்தை அரசிதழில் அறிவித்தது அரசு. உரிமக் கட்டணத்தில் இயங்கியதும் காவலர்களை வைத்ததும் பெரும்பாலும் சங்கங்கள். மான் பெருகினால் உரிமம் விற்கும், உரிமம் விற்றால் சங்கம் வாழும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் சட்டத்தின் வாசகத்தை மட்டும் படிப்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். வடதீவின் ரொட்டோருவா போன்ற ஒரு சில மாவட்டங்களை மட்டும் அரசே நேரடியாக நடத்தியது.

நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று எழுதுவதும் இதிலிருந்து பிறக்கும் பிழைதான். 1920களில் ஒரு மாவட்டத்தில் மானுக்கான பாதுகாப்பு நீங்கியிருக்கும், வேறொன்றில் நீடித்திருக்கும். எந்த ஆண்டு, எந்த மாவட்டம் என்று குறிப்பிடாமல் 'மான் பாதுகாக்கப்பட்டிருந்தது' என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த தவறு: 'பாவம், அன்றைக்கு யாருக்கும் தெரியாது' என்று முடித்துவிடுவது. தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். குழிமுயல்கள் பெருகி ஆட்டுப் பண்ணைகளின் புல்லைத் தின்று தீர்த்தபோது, அவற்றை ஒழிக்க ஸ்டோட், வீசல் என்னும் சிறிய ஊனுண்ணிகளைக் கொண்டுவரும் திட்டம் எழுந்தது. பறக்காத பறவைகள் அழிந்துபோகும் என்று கேம்பிரிட்ஜின் ஆல்ஃபிரட் நியூட்டன் உள்ளிட்ட பறவையியலாளர்கள் எதிர்த்தார்கள். அப்படியிருந்தும் 1880களில் அவை விடப்பட்டன. முயலின் இயற்கை எதிரி என்று சட்டப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். அது முழுமையாக நீங்கியது 1936இல். அதற்குள் ஸ்டோட் காடெங்கும் பரவிவிட்டது. இன்று கிவிக் குஞ்சுகளைக் கொல்வதில் அதற்கே முதலிடம். முன்கூட்டியே வந்த எச்சரிக்கையை 'அறியாமை' என்று எழுதுவது, எச்சரித்தவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

செம்மானின் கதையும் இதே தடத்தில்தான் செல்கிறது. 1850களிலிருந்து இறக்கப்பட்ட மான்கள், இளமரக் கன்றுகளையும் மரங்களுக்கு அடியில் வளரும் செடிகளையும் மேய்ந்து காட்டின் அடித்தளத்தையே வெறுமையாக்கின. 1930இல் பாதுகாப்பு நீக்கப்பட்டது. மறு ஆண்டே உள்துறை கூலிக்கு வேட்டையாட்களை அமர்த்தி மான்களைச் சுட்டுத் தள்ளத் தொடங்கியது. முன்பு காவல் காத்த அரசு, இப்போது கூலி கொடுத்துக் கொன்றது.

பெயர்களிலும் கவனம் தேவை. அங்குள்ள 'தார்' (tahr) என்னும் மலையாடு நம் வரையாடு அன்று. 1904இல் குக் மலைப் பகுதியில் விடப்பட்டது இமயமலைத் தார். நீலகிரி வரையாட்டை இன்று தனிப் பேரினமாகவே வகைப்படுத்துகிறார்கள். ஆனால் இன்னொரு விலங்கில் உண்மையான உறவு உண்டு. 1870களில் நியூசிலாந்தின் மனவாட்டுப் பகுதிக்கு இலங்கையிலிருந்து சென்ற சாம்பார் மான், ஈழத்தமிழர் மரை என்றும் தமிழ்நாட்டில் கடமான், மிளா என்றும் அழைப்பதே. அதேபோல் 1879இன் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இதனுடன் ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். நீலகிரியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது பெரும்பாலும் அந்த மலையில் இயல்பாக வாழ்ந்த விலங்குகளுக்கு.

கடைசியாக, இந்தக் கதையில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாஓரி மக்களை விட்டுவிடக் கூடாது. ரொட்டோருவா ஏரிகளில் அயல்நாட்டு டிரௌட் மீனை விட்டார்கள். அப்பகுதி மாஓரிகளான தே அராவா மக்கள் காலங்காலமாகப் பிடித்துண்ட கோஆரோ என்ற சிறு மீன், அதற்கு இரையாகி அருகிப்போனது. உணவைத் தின்ற டிரௌட்டையாவது பிடிக்கலாம் என்றால், அதற்கு உரிமம் வேண்டும், இல்லையேல் அபராதம். 1922இல் ஏரிகளின் உரிமை அரசுக்குப் போனது. ஈடாக ஆண்டுக்கு 6,000 பவுண்டும், அவர்களுக்கென 40 மீன்பிடி உரிமங்களும் என்று உடன்பாடு ஆயிற்று. ஏரிப் படுகைகள் 2006இல் அவர்களிடம் திரும்பின. டிரௌட் பிடிப்பதற்கு உரிமம் இன்றும் வேண்டும்.