தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடாதீர்கள், சோதித்துப் பார்த்து மாற்றுங்கள்

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார், எடுத்துவிட்டா இன்ஜின் ஹீட்டே ஆகாது" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்குள் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், அந்தச் சூட்டுக்குத்தான் இன்ஜினையே வடிவமைத்திருக்கிறார்கள்.

இன்ஜினுக்கும், கூலன்ட் ஆறும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் சின்ன வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் நடுவில் ஒரு உலோகக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்திருக்கும், கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் பைபாஸ் என்ற மாற்றுப் பாதை வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து சீக்கிரம் சூடேறும். 82 டிகிரி வாக்கில் (வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் அந்த எண்ணை வால்விலேயே பொறித்திருப்பார்கள்) மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ள, ஸ்பிரிங்கை மீறி வால்வு திறக்கும், இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் முழுசாகத் திறந்துவிடும். ரேடியேட்டரில் ஆறிய கூலன்ட் வந்து சேர்ந்ததும் மெழுகு சுருங்கும், வால்வு கொஞ்சம் மூடும். ஓடுகிற வண்டியில் இப்படித் திறப்பதும் மூடுவதுமாகத்தான் சூடு ஒரே அளவில் நிற்கிறது.

இதை எடுத்துவிட்டால் இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாகப் பெட்ரோலைத் தள்ளும், மைலேஜ் அடிவாங்கும், ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிக் கசடாகும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் பைபாஸை மூடும் தட்டு ஒன்றும் இருக்கும். அதில் வால்வை எடுத்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், பாதிக் கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாது. ஹீட் ஆகக்கூடாது என்று எடுத்தது, ஹீட் ஆவதற்கே காரணமாகிவிடும்.

சரி, பழுது இதில்தானா என்று எப்படித் தெரியும்? காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்குக் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் முதலில் ஹோஸ் ஜில்லென்றே இருக்கும், வால்வு திறந்ததும் சட்டென்று சூடாகும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மெதுவாகச் சூடேறிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் மேலே போயும் ஹோஸ் குளிராகவே இருந்தால் மூடியபடி சிக்கியிருக்கலாம், உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பவேண்டாம், பல வண்டிகளில் அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று இருந்தால் உண்மையான டிகிரியே தெரியும், நெடுஞ்சாலையில் 70க்குக் கீழே இறங்கினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று சொல்லும் பி0128 என்ற பிழைக் கோடு ஸ்கேனரில் வந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான், கூடவே கூலன்ட் அளவையும் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் இன்ஜின் முழுசாக ஆறியிருக்கவேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும், வெந்துபோகும். கொஞ்சம் கூலன்டை வடித்துவிட்டு, தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் ஹவுசிங்கின் போல்ட்டுகளைக் கழற்றினால் வால்வு கையோடு வரும்.

அப்புறம் சோதனை. சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் நூல் போதும். வால்வை விரலால் நெம்பி, இடுக்கில் நூலைக் கொடுத்து மூடவிட்டு, அந்த நூலாலேயே தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. தீயைச் சிறிதாக வைத்துத் தண்ணீரைக் கலக்கிவிட்டுக்கொண்டே இருங்கள். வால்வு திறக்கும் நொடியில் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் 'டக்'கென்று அடியில் விழும். அப்போதைய டிகிரியைப் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள், இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஆறியதும் முழுசாக மூடுகிறதா என்றும் பாருங்கள். புதிதாக வாங்கியதையும் இப்படிச் சோதித்துவிட்டே மாட்டுவது நல்லது.

மாட்டும்போது மெழுகுக் குப்பி இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கவேண்டும். காற்று போவதற்கான சின்ன ஊசித்துளை இருந்தால் பெரும்பாலும் அது மேல்பக்கம் வரவேண்டும். கசியாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், ஹவுசிங் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் என்பதால் போல்ட்டை மூச்சைப் பிடித்து முறுக்கவேண்டாம். கான்சென்ட்ரேட் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலக்கவேண்டும், ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம், போர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேன் ஓடும்வரை ஐடிலில் விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள், ஆறிய பிறகு அளவு குறைந்திருந்தால் நிரப்புங்கள். வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்காதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம், நாயோ குழந்தையோ வாய்வைத்துவிடக் கூடாது.