ஒரு குழந்தைக்கு ஒரு கூட்டம்: தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்தை நடத்துவது எப்படி?

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராகச் சேர்ந்த பிறகு நான் நடத்திய முதல் தனிநபர் கல்வித் திட்டக் கூட்டம் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தலைமையாசிரியர் பேசினார், வகுப்பாசிரியர் பேசினார், நான் பேசினேன். பையனின் அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், டீச்சர்?" ஒன்பது வருடமாக இரவும் பகலும் மகனோடு இருப்பவர். அவருக்குத் தெரிந்ததில் ஒரு சொல்கூட அந்தத் தாளில் ஏறவில்லை. அந்தக் கேள்வி பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரைப் பள்ளிகளில் நான் மாற்றிக்கொண்டதையெல்லாம், புதிதாக இந்தப் பணிக்கு வந்திருப்பவர்களுக்காகவும், வகுப்பில் ஒரு சிறப்புக் குழந்தை இருக்கும் ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நாம் சுருக்கமாக ஐ.இ.பி. என்று சொல்லும் இந்தத் திட்டத்தில் இருக்க வேண்டியவை மூன்றுதான்: குழந்தைக்கு இன்று என்ன முடிகிறது, சில மாதங்களில் எது முடிய வேண்டும், அதற்கு யார் என்ன செய்யப்போகிறார்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி ஒரு திட்டத்தை மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதியே ஆக வேண்டும் என்று ஆக்கியது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வதையும், தேவைப்படும் உதவியைத் தருவதையும், ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதையும் கல்வி நிறுவனங்களின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தக் கடமையை உட்கார்ந்து பேசிச் செய்யும் இடம் இந்தக் கூட்டம்.

நாள் குறிப்பது

மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, திருவாடானை என்று நம் கரையோர ஒன்றியம் எதுவானாலும், நாளைக் குறிக்கும் முன் வீட்டில் கேளுங்கள். அப்பா விசைப்படகில் போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கரையில் இருப்பார். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்ததும் கிடைக்கும் அந்தச் சில நாள்களை விட்டுவிடாதீர்கள். வேறு எந்த மாதத்திலும் இரண்டு பெற்றோரும் சேர்ந்து வருவது அரிது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அம்மா பாசி எடுக்கப் போகிறவர் என்றால், அவர் கடலில் இறங்காத நாளை அவரே சொல்லட்டும். ஒரு நாள் கூலியை விட்டு வரச் சொல்லிவிட்டு, "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று பதிவேட்டில் எழுதுவது பெரிய அநியாயம்.

வளர்ப்பது அப்பத்தாவாக இருந்தால் அப்பத்தாவை அழையுங்கள். பள்ளிக்கு வர முடியாமல் வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் குழந்தை என்றால் கூட்டத்தை அந்த வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக்கொள்ளலாம். பெற்றோர், வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், நீங்கள், தேவையென்றால் வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவர். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆள் கூடினால் அம்மாக்கள் வாய் திறப்பதில்லை.

ஒரு வாரம் முன்பு

இரண்டு நாள் வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து பாருங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "கவனம் இல்லை" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. "ஒரு வேலையில் நான்கு நிமிடம் உட்காருகிறான்; மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்று அந்த வரியே காட்டிவிடும்.

பழைய திட்டம், மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்று வரவில்லை என்பதற்காகக் கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சான்று வரும்போது வரட்டும். பையன் இன்றைக்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

அம்மா முதலில் பேசட்டும்

தலைமையாசிரியரின் மேசைக்கு எதிரே பெற்றோரை உட்கார வைக்காதீர்கள். ஒரே உயர நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். கைக்குழந்தையோடு வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சொல்லி வையுங்கள்.

"வீட்டில் என்ன பிரச்சினை?" என்று தொடங்கினால் அம்மா தலை குனிந்துவிடுவார். நான் இப்போது, "காலையில் எழுந்ததிலிருந்து தம்பி என்னென்ன செய்வான், சொல்லுங்கள் அக்கா" என்றுதான் கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். அந்த மௌனம் நமக்குச் சங்கடமாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சொன்னேனே, அதே பையனுக்கு மறுபடி கூட்டம் வைத்தபோது இப்படித்தான் கேட்டேன். சிறிது நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "என்னோடு கரைக்கு வருவான், டீச்சர். சூடை மீனும் நகரை மீனும் கலந்து கிடந்தால் அவனுக்குப் பொறுக்காது. ஒன்று விடாமல் பிரித்துத் தனித்தனிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான்." வகுப்பில் வண்ணக் கட்டைகளைக் கொடுத்தால் தள்ளிவிடுகிற பையன் அவன். 'வகைப்படுத்தத் தெரியாது' என்று தன் குறிப்பேட்டில் எழுதி வந்திருந்த வகுப்பாசிரியர், பேனாவை எடுத்து அந்த வரியை அங்கேயே அடித்தார். அவர் அக்கறை உள்ள ஆசிரியர்தான். அவனைக் கரையில் வைத்து அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இலக்கை எழுதுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மூன்று இலக்குகளுக்கு மேல் எழுதாதீர்கள். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது.

"எண்களை அறிவான்" என்பது ஆசை. இலக்கு என்றால் அதில் எப்போதைக்குள், எந்த உதவியோடு, என்ன செய்வான், எத்தனைக்கு எத்தனை முறை என்ற நான்கும் இருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு நாங்கள் எழுதியது: "காலாண்டுத் தேர்வுக்குள், ஆசிரியர் ஒரு முறை செய்து காட்டியதும், பத்துக் கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் கிண்ணத்தில் போடுவான், ஐந்து முறை கொடுத்தால் நான்கு முறையாவது பிழையில்லாமல்." கட்டைக்குப் பதில் கிளிஞ்சல் வந்தது அம்மா சொன்னதால். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடந்ததால், இந்த வேலை அதன் முதல் படியான அரும்பு நிலைப் பிள்ளைகளின் கணக்கு நேரத்திலேயே பொருந்திக்கொண்டது. அவனைத் தனியே எழுப்பிக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, மணிச் சத்தம். "மணி அடிக்கும்போது ஓடாமல் இருப்பான்" என்றுதான் முதலில் எழுதப் போனோம். யோசித்துப் பார்த்தால் மாற வேண்டியது நாங்கள். இருக்கையை மணிக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் மாற்றுவது, மணி அடிக்கும் முன் அவனிடம் ஒருவர் சொல்லிவிடுவது என்று எழுதினோம். எதை எழுதினாலும் இப்படி ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: இது பிள்ளை கற்க வேண்டியதா, பள்ளி சரிசெய்ய வேண்டியதா?

மூன்றாவதை அம்மாவே கேட்டார்: கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை அவன் படத்தைக் காட்டியாவது சொல்ல வேண்டும். பாடப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் இது நடந்தால்தான் அவரால் நிம்மதியாகக் கரைக்குப் போக முடியும். பெற்றோர் கேட்கும் ஒன்றாவது பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும்.

ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில் யார், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். "அனைவரும்" என்று எழுதிய வேலையை யாரும் செய்வதில்லை.

"இவனைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமே" என்று யாராவது சொன்னால் குரலை உயர்த்தாமல், "இந்தப் பள்ளியில் அவனுக்கு என்ன செய்யலாம் என்று பேசத்தான் கூடியிருக்கிறோம்" என்று தாளுக்குத் திரும்புங்கள். அம்மாவின் முகத்தைப் பாருங்கள், அந்த ஒரு சொல் அவரை எங்கே கொண்டுபோய்விட்டது என்று தெரியும். உடனே அவரிடம் ஒரு கேள்வி கேட்டு மீட்டுக் கொண்டுவாருங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்றால் பொதுத்தேர்வுச் சலுகைகளை அப்போதே பேசிவிடுங்கள்: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. சான்றுகளைச் சேர்க்க நாளாகும்.

எழுந்திருக்கும் முன்

எழுதியதை முழுவதும் உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பெற்றோராக இருந்தாலும் படியுங்கள். "இதில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். "சரியா?" என்று கேட்டால் எல்லோரும் சரி என்றே சொல்வார்கள். பிறகு கையெழுத்து. அடுத்த கூட்டத்துக்கான நாளை, காலாண்டு விடுமுறைக்கு முன் ஒன்றாகப் பார்த்து, அங்கேயே குறித்துவிடுங்கள்.

ஒரு நகலை அம்மாவிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். ஐப்பசி மழையில் கரையோர வீடுகளில் தாள் தங்காது.